விகிலியா இரவு: போலந்துக் குடும்பங்களின் பழைய வழக்கங்களை முறைப்படி செய்வது எப்படி

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் போலந்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கண்ணில் பட்ட நாற்காலியில் உட்காரப் போனால், அந்த வீட்டுப் பாட்டி உங்கள் முழங்கையைப் பிடித்து நிறுத்தக்கூடும். முதலில் நாற்காலியின் மேல் ஊத வேண்டும், மெல்ல, தூசி ஊதுவது போல. அங்கே ஏற்கெனவே ஓர் ஆத்மா வந்து உட்கார்ந்திருக்கலாம், அதன் மேல் போய் உட்கார்ந்து நசுக்கிவிடக் கூடாது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் என் நண்பனின் பாட்டி. சொல்லிவிட்டு அவரே குனிந்து ஊதிக் காட்டினார், அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

அந்த இரவுக்குப் பெயர் விகிலியா. விழித்திருத்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, நம் ஊர் கத்தோலிக்கர்கள் திருவிழிப்பு என்பார்களே, அதேதான். டிசம்பர் 24. இந்த ஒரு நாளைச் சுற்றி போலந்துக் குடும்பங்கள் வைத்திருக்கும் வழக்கங்களைத் தனித்தனியாகக் கேட்டால் விசித்திரமாக இருக்கும்: மேஜைக்கால்களில் சங்கிலி, மேஜை விரிப்புக்கு அடியில் காய்ந்த புல், பர்ஸுக்குள் மீன் செதில், கூரையில் ஒட்டிய கோதுமை. ஆனால் அந்த ஒரு ராத்திரி இருப்பவர்களுக்கும் போனவர்களுக்கும், மனிதருக்கும் மாட்டுக்கும், வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் நடுவில் சுவர் இல்லை என்கிற நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவை தானாக வரிசைக்கு வந்துவிடும். அங்கே விருந்தாளியாகப் போகிறவர்களுக்கும், அந்தக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டிருப்பவர்களுக்கும், இதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கும் நாள் வரிசையில் சொல்கிறேன்.

முதலில் பெரியவர்களிடம் கேளுங்கள்

நாடு முழுவதற்கும் ஒரே முறை கிடையாது. இதை மறந்துவிட்டு இணையத்தில் படித்த பட்டியலோடு ஒரு வீட்டுக்குப் போனால், பாதி விஷயம் அந்த வீட்டில் இருக்காது. கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். என்ன சூப்? பீட்ரூட் பார்ஷ்சா, காளான் சூப்பா, மீன் சூப்பா என்பது வீட்டுக்கு வீடு மாறும், தென்மேற்கே சிலேசியா வட்டாரத்தில் சில வீடுகளில் சணல் விதையில்கூடச் சூப் வைப்பார்கள். பரிசு கொண்டுவருவது யார்? வார்சாவில் புனித மிக்கோவாய், போஸ்னான் பக்கம் க்வியாஸ்தோர் என்கிற நட்சத்திரத் தாத்தா, கிராக்கோவ் பக்கம் குட்டி தேவதை, சிலேசியாவில் குழந்தை இயேசு. குழந்தைகள் முன்னால் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டீர்கள் என்றால் பெரிய குழப்பம். மூன்றாவது, குட்யா உண்டா?

இந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்தக் குடும்பத்தின் வரலாறு பாதி வந்துவிடும். குட்யா என்பது கோதுமை, கசகசா, தேன் சேர்ந்த இனிப்பு, கிழக்குப் பகுதிகளுக்கு உரியது. வ்ரோத்ஸ்வாஃப் இருப்பதோ நாட்டின் தென்மேற்கில். ஆனாலும் அங்கே எத்தனையோ வீடுகளில் குட்யா செய்கிறார்கள், ஏனென்றால் 1945-க்குப் பிறகு எல்லைகள் மாறியபோது கிழக்கே ல்வூஃப் (இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ்) வட்டாரத்திலிருந்து போலந்து மக்கள் பெருங்கூட்டமாக ரயிலேறி, ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட இந்த ஊரில் வந்து குடியேறினார்கள். நண்பனின் பாட்டி வீட்டாரும் அப்படி வந்தவர்கள்தான். நிலம், வீடு, மாடு எல்லாம் அங்கேயே போனது, குட்யா மட்டும் கூடவே வந்தது.

டிசம்பர் 13 முதல்

புனித லூசியா திருநாளான 13-ஆம் தேதியிலிருந்து 24 வரை சரியாகப் பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளின் வானிலையும் வரப்போகும் வருடத்தின் ஒரு மாதத்துக்கு அடையாளம்: 13-ஆம் தேதி ஜனவரி, 14 பிப்ரவரி, இப்படியே. விவசாயக் குடும்பங்கள் இதைக் குறித்துவைத்தார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் காலண்டரில் தினமும் வெயிலா பனியா என்று எழுதச் சொல்லுங்கள், நல்ல பழக்கம்.

ஒரு வாரம் முன்னாலேயே தொடங்கியாக வேண்டியது பார்ஷ்சுக்கான புளித்த பீட்ரூட் தண்ணீர், ஸாக்வாஸ். ஒரு கிலோ பீட்ரூட்டைத் தோல் சீவி வில்லைகளாக நறுக்கிக் கண்ணாடி ஜாடியில் போட்டு, நசுக்கிய பூண்டு நாலைந்து பல், பிரிஞ்சி இலை இரண்டு, ஆல்ஸ்பைஸ் நாலைந்து மணி சேருங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒன்றரை மேஜைக்கரண்டி உப்பைக் கரைத்து ஊற்றவும். பீட்ரூட் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும், ஒரு துண்டு மேலே மிதந்தாலும் அதில்தான் பூஞ்சை பிடிக்கும், சின்னத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அமுக்கிவையுங்கள். துணியால் மூடி அடுப்படியில் வையுங்கள். மூன்றாம் நாள் நுரை கட்டும், ஐந்திலிருந்து ஏழு நாளில் நல்ல புளிப்பும் மண் வாசனையும் வந்து மாணிக்கச் சிவப்பில் நிற்கும். வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். அன்றைக்குக் காய்கறியும் உலர்ந்த காளானும் வேகவைத்த சாற்றோடு சேர்த்துச் சூடாக்கும்போது கொதிக்க விடாதீர்கள். கொதித்தால் சிவப்பு போய்ப் பழுப்பாகிவிடும், அப்புறம் மீட்க முடியாது.

ஒப்வாட்டெக்கையும் இந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட, காகிதம் போன்ற வெள்ளைத் தகடு, மேலே இயேசு பிறப்புக் காட்சி புடைத்து நிற்கும். பங்குக் கோவிலில் கிடைக்கும், கடைகளிலும் உண்டு. முன்பெல்லாம் கோவிலில் ஆர்கன் வாசிப்பவர் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடித உறையில் வைத்து அனுப்புவதும் உண்டு, பெரும்பாலும் உடைந்துதான் போய்ச் சேரும், அதனால் ஒன்றும் குறையில்லை, எப்படியும் உடைத்துப் பகிர்வதற்குத்தானே. இளஞ்சிவப்பு, பச்சை என்று நிறம் சேர்த்த ஒப்வாட்டெக்கும் சில இடங்களில் உண்டு, அது மாட்டுக்கும் ஆட்டுக்கும்.

குளியல் தொட்டியில் மீன்

விகிலியா மேஜையில் கெண்டை மீன் வருவது இருபதாம் நூற்றாண்டில்தான் நாடு முழுக்கப் பரவியது. குளத்து மீன் என்ற அளவில் அது பழையது, வ்ரோத்ஸ்வாஃபுக்கு வடக்கே மிலிச் குளங்களை இடைக்காலத்தில் சிஸ்டர்சியன் துறவிகள் வெட்டினார்கள், தெற்கே ஸாட்டோர் கெண்டைக்கும் பெயர் உண்டு. ஆனால் எல்லார் வீட்டுக்கும் அது வந்து சேர்ந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, கடல் மீனுக்குப் படகும் இல்லாமல் வலையும் இல்லாமல் இருந்த காலத்தில், கம்யூனிஸ்ட் அரசு மலிவாக வளர்க்கக்கூடிய கெண்டையை ஊக்குவித்தபோதுதான். வேலை செய்யும் இடத்திலேயே உயிர்மீனாகக் கொடுப்பார்கள். வீட்டில் பெரிய குளிர்பெட்டி ஏது? குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி விட்டுவிடுவார்கள். சுத்தமான தண்ணீரில் இரண்டு மூன்று நாள் இருந்தால் சேற்று வாசனையும் போகும். அதற்குள் குழந்தைகள் மீனுக்குப் பெயர் வைத்து விளையாட ஆரம்பித்திருப்பார்கள், அன்றைக்குக் காலை அழுகைதான். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய எந்தப் போலந்துக்காரரிடம் கேட்டாலும் இப்படி ஒரு மீனின் பெயர் ஞாபகம் இருக்கும்.

இந்த ஒரு வழக்கத்தை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம் என்பேன். மீனுக்குக் கொடுமை, பல பெரிய கடைகள் உயிர்மீன் விற்பதையும் நிறுத்திவிட்டன. துண்டு போட்ட கெண்டையை வாங்கி, உப்புத் தடவி, வெங்காய வில்லை பரப்பி ஓர் இரவு வைத்திருந்து, மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்தால் போதும், சேற்று வாசனை பயமாக இருந்தால் கொஞ்ச நேரம் பாலில் ஊறவிடுங்கள். முள் அதிகம், ஒய் வடிவத்தில் சதைக்குள் புதைந்திருக்கும், குழந்தைக்குக் கொடுக்கும்போது கவனம். ஆனால் செதில் கேட்டு வாங்குங்கள். பெரிய செதிலாக எடுத்துக் கழுவிக் காயவைத்து, சாப்பிடும்போது ஆளுக்கு ஒன்று தட்டுக்கு அடியில் வைத்து, அப்புறம் பர்ஸில் போட்டுக்கொண்டால் வருடம் முழுக்கப் பணம் தங்கும். அடுத்த விகிலியா வரை எடுக்கக் கூடாது.

24 காலை

விகிலியா எப்படியோ வருடம் முழுக்க அப்படியே என்று அங்கே பழமொழி உண்டு. அதனால் அன்றைக்குச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், சண்டை கூடாது, குழந்தைகளை அடிக்கக் கூடாது, யாருக்கும் எதையும் கடன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. வெள்ளிக்காசு போட்ட தண்ணீரில் முகம் கழுவுவார்கள், காசு போல உடம்பு திடமாக இருக்க. அன்றைக்கு முதன்முதலில் வாசல் மிதிப்பது ஆணாக இருந்தால் நல்லது, பெண்ணாக இருந்தால் வீட்டுக்கு நோய் என்று ஒரு பழைய நம்பிக்கையும் உண்டு, அதைப் பல குடும்பங்கள் இப்போது விட்டுவிட்டன, விட்டதே நல்லது.

பெருக்குவது, துவைப்பது எல்லாம் முந்தின நாளோடு முடிந்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் தைப்பது, நூற்பது, கோடரியால் வெட்டுவது, கழுவுதண்ணீரை வாசலில் வீசிக் கொட்டுவது எல்லாம் விலக்கு. ஆத்மாக்கள் சுற்றிலும் நிற்கின்றன, ஊசி குத்திவிடும், தண்ணீர் மேலே பட்டுவிடும். நாற்காலியில் ஊதுவதும் இதோடு சேர்ந்ததுதான்.

2025-லிருந்து டிசம்பர் 24 அரசு விடுமுறை. அதற்கு முன் மதியம் வரை வேலை பார்த்துவிட்டு ஓடி வந்து சமைத்த அம்மாக்கள் எத்தனை பேர்!

மேஜை

மேஜை மேல் காய்ந்த புல்லை ஒரு கைப்பிடி மெல்லப் பரப்பி, அதன் மேல் வெள்ளை விரிப்பு போடுங்கள். மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தைக்காக என்பது கோவில் தரும் விளக்கம், அறுவடையையும் முன்னோரையும் ஒட்டிய பழைய சடங்கு அதற்கும் முந்தையது என்பார்கள் நாட்டார் வழக்கு ஆய்வாளர்கள். நகரத்துக் கடைகளில் சின்னப் பையில் இந்தப் புல் விற்கும். புல் மேடாக இருந்தால் கண்ணாடிக் கோப்பை சாயும், ஒரே சீராகப் பரப்புங்கள்.

கிராமத்து வீடுகளில் மூலையில் போரடிக்காத கதிர்க்கட்டு ஒன்றை நிறுத்துவார்கள். தெற்கே மலைப்பகுதிகளில் மேஜைக்கால்களை இரும்புச் சங்கிலியால் சுற்றிக் கட்டுவார்கள், குடும்பம் சிதறாமல் சேர்ந்திருக்க. மேஜைக்கு அடியில் கோடரியோ கலப்பைக் கொழுவோ கிடக்கும், சாப்பிடும்போது அதன் மேல் பாதத்தை வைத்துக்கொண்டால் கால் இரும்பாக இருக்கும். கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனியிலிருந்து வருவதற்கு முன்னால் அந்தப் பக்கத்து வீடுகளில் ஊசியிலை மரத்தின் நுனியை வெட்டிக் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், ஆப்பிள், கொட்டை, வண்ண ஒப்வாட்டெக்கை ஒட்டிச் செய்த உருண்டை எல்லாம் மாட்டி. இடம் இல்லாத சின்ன ஃப்ளாட்டுக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை, நீங்களும் முயன்று பார்க்கலாம்.

உட்காருபவர்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். ஒற்றைப்படை என்றால் அடுத்த விகிலியாவுக்குள் ஒருவர் குறைவார் என்று பயம், பதின்மூன்று பேர் கூடவே கூடாது. கணக்கு சரியான பிறகு இன்னொரு தட்டு, கரண்டி, கோப்பை, நாற்காலி. அது யாருக்கும் இல்லை. கதவைத் தட்டும் வழிப்போக்கருக்கு என்பார்கள், அந்த வருடம் இறந்தவருக்கு என்பார்கள், திரும்பி வராத ஒருவருக்கு என்பார்கள். போரிலும் நாடுகடத்தலிலும் ஆட்களைத் தொலைக்காத குடும்பம் போலந்தில் குறைவு, அந்தத் தட்டு யாருக்கு என்பதை வீட்டார் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்களும் கேட்க வேண்டாம்.

முதல் நட்சத்திரம்

டிசம்பர் கடைசியில் அங்கே மூன்றரை, மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். குழந்தைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு முதல் நட்சத்திரத்தைத் தேடுவார்கள், அது தெரியும் வரை யாரும் சாப்பிடக் கூடாது, பகல் முழுக்க அரைப்பட்டினிதான். மேகம் மூடியிருந்தால் வீட்டுப் பெரியவர் சொல்வதே நேரம்.

பிரார்த்தனை, லூக்கா நற்செய்தியிலிருந்து பிறப்பைப் பற்றிய பகுதி, அப்புறம் ஒப்வாட்டெக். இங்கேதான் புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு தகடு கையில் இருக்கும். நீங்கள் ஒருவர் முன்னால் போய் நிற்கிறீர்கள். உங்கள் தகட்டை நீட்டுகிறீர்கள், அவர் அதில் சின்னத் துண்டு உடைத்து எடுக்கிறார், நீங்கள் அவருடையதில் உடைக்கிறீர்கள். சாப்பிடுவதற்கு முன் அவருக்கு என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 'வெசோவிஹ் ஷ்வியோன்ட்' என்ற பொது வாழ்த்து மட்டும் போதாது, முட்டிவலி சரியாக வேண்டும், பரீட்சை தேற வேண்டும், மகள் ஊருக்கு வர வேண்டும் என்று குறிப்பாக. இப்படி அறையில் இருக்கும் ஒவ்வொருவரோடும். வருடம் முழுக்கப் பேசாத அண்ணன் தம்பி அன்றைக்கு இந்தத் தகட்டோடு எதிரெதிரே நின்றுதான் ஆக வேண்டும். இது நற்கருணை இல்லை, அதனால் எந்த மதத்துக்காரரும் பகிரலாம். பாட்டி எனக்குச் சொன்னது நீளமாக இருந்தது, எனக்குப் பாதிதான் புரிந்தது, 'அம்மா' என்ற சொல் இரண்டு தடவை வந்தது மட்டும் தெரிந்தது.

பன்னிரண்டு பதார்த்தம்

பன்னிரண்டு, சீடர்களுக்கு அல்லது மாதங்களுக்கு. எல்லாவற்றிலும் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும், விட்ட பதார்த்தம் ஒவ்வொன்றும் விட்டுப்போன ஒரு சந்தோஷம். இறைச்சி கிடையாது. பார்ஷ்சுக்குள் காளான் அடைத்த குட்டிக் கொழுக்கட்டை மிதக்கும், காது வடிவம் என்பதால் அதற்கு 'ஊஷ்கா', குட்டிக் காதுகள் என்றே பெயர். முட்டைக்கோஸும் காளானும் அடைத்த பியெரோகி என்கிற பெரிய கொழுக்கட்டை, எண்ணெயில் ஊறிய ஹெர்ரிங் மீன், பட்டாணி சேர்த்த புளித்த முட்டைக்கோஸ், கசகசா நூடுல்ஸ், கசகசா உருட்டி அடைத்த மாகோவியெட்ஸ் கேக், புகையிட்டுக் காயவைத்த பிளம் பழங்களை வேகவைத்த கொம்போட். மீனும் சாப்பிடாதவர்கள் ஊஷ்கா, பியெரோகி, குட்யாவிலேயே வயிறு நிரப்பலாம், மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகளில் ஒரே ஒரு பியெரோகிக்குள் காசு இருக்கும், பல் பத்திரம்.

பழைய குடும்பங்களில் சாப்பாடு முடியும் வரை பரிமாறுபவரைத் தவிர யாரும் எழுந்திருக்கக் கூடாது, கரண்டியைக் கீழே வைப்பதும் அபசகுனம்.

இப்போது குட்யா. கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, மலர்ந்து ஆனால் குழையாமல் வேகவைக்கவும். இரண்டு கப் வெந்த கோதுமைக்கு ஒரு கப் கசகசா, அங்கே வெள்ளைக் கசகசா கிடையாது, நீலம் பாய்ந்த கருப்பு. கொதிநீர் ஊற்றி ஊறவைத்து வடித்து, உள்ளே வரிவரியாகக் கீறிய மண்சட்டியில் மர மத்தால் பால் விடும் வரை அரைப்பார்கள். நண்பன் வீட்டில் அந்தச் சட்டியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டி அரைத்துக்கொண்டிருந்தார், யார் கேட்டும் கொடுக்கவில்லை. அம்மி இருந்தால் அம்மியே போதும். தேன், வால்நட், உலர்திராட்சை சேர்த்துக் கிளறி ஆறவைக்கவும்.

சாப்பிடுவதற்கு முன், வீட்டுப் பெரியவர் ஒரு கரண்டி எடுத்துக் கூரையை நோக்கிச் சுண்டி எறிய வேண்டும். எத்தனை மணி ஒட்டுகிறதோ அவ்வளவு நல்ல விளைச்சல், தேனீ வளர்ப்பவர் என்றால் அவ்வளவு தேன்கூட்டம். மரக்கூரை வீடுகளில் நன்றாக ஒட்டும். தேன் அதிகம், தண்ணீர் குறைவு, இதுதான் சூட்சுமம். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த வாடகை வீட்டில் கசகசாக் கறை போகாது, அங்கே வெறும் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட பிறகு குறி பார்ப்பது

விரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்க்காமல் ஒரு புல்லை இழுங்கள். நீளமாக வந்தால் நீண்ட ஆயுள். பச்சையாக வந்தால் அந்த வருடம் கல்யாணம், மஞ்சளாக வந்தால் காத்திருக்க வேண்டும். வால்நட் உடைத்து உள்ளே கருத்திருந்தால் உடம்பைக் கவனிக்க வேண்டிய வருடம், ஆப்பிளைக் குறுக்கே வெட்டி நட்சத்திரம் முழுதாகத் தெரிந்தால் ஆரோக்கியம். மெழுகுவத்தியை அணைக்கும்போது புகை நேரே மேலே போக வேண்டும், கதவுப் பக்கம் போனால் பெரியவர்கள் முகம் மாறும். கல்யாணமாகாத பெண்கள் வெளியே போய் நின்று எந்தத் திசையில் முதலில் நாய் குரைக்கிறது என்று கேட்பார்கள், மாப்பிள்ளை அந்தத் திசையிலிருந்து வருவார்.

தோட்டம் இருந்தால் இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. காய்க்காத பழமரத்துக்கு முன்னால் ஒருவர் கோடரியை ஓங்கி, "உன்னை வெட்டப் போகிறேன்" என்று மிரட்ட வேண்டும். பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும்: "வெட்டாதே, அடுத்த வருடம் காய்க்கும்." மன்னித்துவிட்டு, மரத்தைச் சுற்றி வைக்கோல் கட்டிவிட்டு வருவார்கள்.

தொழுவத்தில் மாடுகளுக்கு வண்ண ஒப்வாட்டெக்கும் மேஜை மிச்சமும். நள்ளிரவில் அவை மனிதர் போலப் பேசும், ஆனால் ஒட்டுக்கேட்கக் கூடாது. கேட்கப் போன விவசாயி ஒருவன், நாளைக்கு நம் எஜமானனைக் கல்லறைக்கு இழுத்துப் போக வேண்டும் என்று தன் எருதுகள் பேசிக்கொண்டதைக் கேட்டான் என்று கதை.

நள்ளிரவுப் பூசைக்குப் பெயர் பாஸ்டெர்கா, இடையர் பூசை. கிளம்பும்போது மேஜையைத் துடைக்காதீர்கள். மிச்சத்தையும் ரொட்டியையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும், வீடு காலியாக இருக்கும்போது வருகிறவர்கள் சாப்பிட.

அப்புறம்

25 அன்று எங்கும் போகாமல் வீட்டில் இருங்கள். 26 புனித ஸ்தேவான் நாள். கல்லால் அடித்துக் கொல்லப்பட்டவரின் நினைவாகக் கிராமங்களில் ஓட்ஸ் தானியத்தை ஒருவர் மேல் ஒருவர் வீசுவார்கள், கோவிலில் குருவானவர் மேலும் விழும். அன்றையிலிருந்து பாட்டுக் குழுக்கள் நட்சத்திரத்தோடு வருவார்கள், கூடவே துரோன் என்கிற கொம்பு வைத்த கருப்பு விலங்கு வேடம், மரத் தாடையைக் கடகடவென்று அடித்துத் துரத்தும், திடீரென்று செத்து விழும், எழுப்பினால் எழுந்து ஆடும். வாசலில் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள், சில்லறை தயாராக வையுங்கள்.

ஜனவரி 6 மூன்று அரசர்கள் திருநாள், 1960-இல் எடுக்கப்பட்டு 2011-இல் மறுபடி விடுமுறையானது. கோவிலில் மந்திரித்த சுண்ணக்கட்டியால் வாசல் கதவின் மேல் கே, எம், பி என்ற மூன்று எழுத்தையும் (காஸ்பர், மெல்கியோர், பல்தசார் என்று அந்த அரசர்களின் பெயர்கள்) நடுவில் சிலுவைக் குறிகளோடு வருடத்தையும் எழுதுவார்கள். வாடகைக்குப் புதிதாகப் போன வீட்டின் கதவில் அப்படி ஏதாவது பார்த்தால் துடைத்துவிடாதீர்கள். மழையிலும் காற்றிலும் அது தானாக அழிய வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஜனவரியில் புது வருடத்தை எழுதும்போது மாற்றிக்கொள்ளலாம்.